வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்? இரண்டாவது வீடு வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கும் காகிதமும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளக்காரர். குடியிருக்கும் வீட்டின் கடன் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 12 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 60 லட்சத்துக்கு வருகிறது. 45 லட்சம் கடன் வாங்கி அதை எடுத்து வாடகைக்கு விட எண்ணம். இப்போதே அதில் ஒருவர் மாதம் 16,000 ரூபாய்க்குக் குடியிருக்கிறார். உங்கள் கேள்விகள் நான்கு: வாடகையை வைத்துத் தவணையைச் சமாளித்துவிடலாமா? வங்கியே பத்திரத்தைப் பார்ப்பதால் தனியாக வக்கீல் தேவையா? மனைவி பெயரில் வாங்கினால் வரி மிச்சமாகுமா? இருக்கிற வாடகைதாரரையே 11 மாத ஒப்பந்தத்தில் தொடர விடலாமா?

முதல் கேள்வியில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 45 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். வாடகை 16,000. பார்த்த உடனே தெரிகிற இடைவெளி 23,000. ஆனால் உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும். வெள்ளை அடிக்க வேண்டும், மோட்டார், குழாய், கதவு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 11 மாத வாடகை என்று வைத்தால் 1,76,000. அதில் சொத்து வரிக்கு 6,000, பழுது பார்க்க 14,000 என்று கழித்தால் (இந்த இரண்டு எண்ணையும் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்) கையில் நிற்பது 1,56,000. மாதத்துக்கு 13,000. அப்படியானால் மாதம் 26,000 ரூபாய் உங்கள் சம்பளத்தில் இருந்து போகும்.

"வாடகை வருஷா வருஷம் ஏறுமே" என்பீர்கள். ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் தவறாமல் ஏறினால்கூட 13,000 என்பது 39,000 ஆக 22 ஆண்டுக்கு மேல் ஆகும். கடன் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதாவது கடன் இருக்கும் நாளெல்லாம் இந்த வீடு தன் தவணையைத் தானே கட்டாது.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு, ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். உங்கள் கையில் நிற்கும் 13,000 வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்? 15 லட்சம். மீதி 30 லட்சத்தைத் தாங்கப்போவது வீடு அல்ல, நீங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை இந்த 15, 30 என்ற இரண்டு எண்களை வைத்து முடிவு செய்யுங்கள். தரகர் சொல்லும் வாடகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 20 ஆண்டுக்கு மாதம் 26,000 ஒதுக்க முடியும், வேலை போனாலும் ஆறு மாதம் தவணை கட்டும் அளவுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன் என்றால் சரி, மேலே பேசலாம். முடியாது என்றால் கடனைக் குறையுங்கள், அல்லது சின்ன வீடாகப் பாருங்கள்.

விலை ஏறும் என்ற நம்பிக்கையிலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்குமாடியில் ஏறுவது நிலம். கட்டடம் வயதாகி மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். அதனால் வீட்டின் பரப்பைக் கேட்பதற்கு முன் யு.டி.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். அதாவது பிரிக்கப்படாத நிலத்தில் உங்களுக்கு எழுதித் தரும் பாகம். ஒரே தெருவில், ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 500 சதுர அடி நிலமும் இன்னொன்றுக்கு 280 சதுர அடி நிலமும் இருந்தால் இரண்டும் ஒரே சொத்து அல்ல. நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பங்கைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

கையில் இருந்து போடும் பணத்தையும் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். 60 லட்சத்தில் 45 போனால் மீதி 15 என்று எழுதியிருக்கிறீர்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 60 லட்சத்துக்கு அது 5.4 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் சேர்க்கக் கூடாது. அதோடு வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்கு 60 லட்சம் போடுவார் என்று உறுதி இல்லை. அவர் 54 என்று எழுதினால் கடன் 43.2 லட்சத்தோடு நிற்கும், அந்தக் குறையும் உங்கள் தலையில் விழும். இவற்றோடு தரகு, வக்கீல், வங்கியின் நடைமுறைக் கட்டணம், எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு எல்லாம் சேர்த்து 23 லட்சமாவது தயாராக இருக்க வேண்டும். இந்தக் குறையைத் தனிநபர் கடன் எடுத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

கடனைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம். உங்கள் 8.5 என்பது 10.5 ஆனால் தவணை கிட்டத்தட்ட 45,000. அந்தத் தொகையை இன்றைய சம்பளத்தில் வைத்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி ஏறும்போது வங்கி பல சமயம் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும், அது உங்கள் கண்ணில் படாது. ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை எடுத்து இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள்.

அடுத்தது, தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் மொத்த பிரீமியமாகக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடப் பார்ப்பார்கள். குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம்தான். ஆனால் அதைத் தனியாக டெர்ம் பாலிசியாக (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உயிருக்குக் காப்பு தரும் பாலிசி) எடுத்தால் கடன் தீர்ந்த பிறகும், வேறு வங்கிக்கு மாறின பிறகும் அது உங்களோடு இருக்கும்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். வங்கியே பார்த்துவிடுமே என்ற கேள்விக்கு என் பதில்: வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். வங்கிக்கு வேண்டியது கொடுத்த 45 லட்சத்துக்குப் பாதுகாப்பு. அதோடு உங்கள் சம்பளமும் கையெழுத்தும் அவர்களிடம் இருக்கிறது. வழக்கு வந்தால் வங்கி தவணையை நிறுத்தி வைக்காது. வீடு போனாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். இந்த வேலையே பார்க்கிற ஒரு வக்கீலுக்குச் செலவழிக்கும் தொகை மொத்தத்தில் மிகச் சின்னது. முன்பணம் கொடுக்கும் முன்பே அவரிடம் போங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனால் அவர் குறை சொன்னாலும் உங்கள் மனது சமாதானம் தேட ஆரம்பித்துவிடும்.

வக்கீலிடம் போவதற்கு முன் நீங்களே ஒரு மாலை உட்கார்ந்து வில்லங்கச் சான்றைப் படியுங்கள். அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல் அது. பதிவுத் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்கு எடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தேதி, தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண் என்று இருக்கும். ஒரு தாளில் எழுதிவாங்கியவர் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அடுத்த கிரயத்தில் எழுதிக்கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் முருகேசன் வாங்கியதாக இருந்து, அடுத்த கிரயத்தைச் செல்வி எழுதிக்கொடுத்திருந்தால் அங்கே நில்லுங்கள். செல்வி யார்? மகளா? அப்படியானால் முருகேசனின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எங்கே? மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழக்குகள் இருக்கின்றன.

பெண் பிள்ளைகளின் பங்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1989லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டது" என்ற பேச்சு பதிவான பத்திரத்துக்கு ஈடாகாது. மைனருக்குப் பங்கு இருந்து நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

அடுக்குமாடிக்கு இன்னொரு வேலை உண்டு, பலர் செய்வதில்லை. உங்கள் கதவு எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போடாமல் மொத்த நிலத்தின் சர்வே எண்ணுக்கும் போடுங்கள். கட்டியவர் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த யு.டி.எஸ். அளவுகள் அதில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்த நிலம் 4,800 சதுர அடியாக இருந்து கூட்டுத்தொகை 5,100 வந்தால் இல்லாத நிலத்தை யாருக்கோ விற்றிருக்கிறார்கள் என்று பொருள். மாடி எண்ணிக்கை அனுமதி வாங்கிய வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவது மாடியை எழுப்பியிருந்தால், நீங்கள் பார்ப்பது அந்த நான்காவது மாடி வீடாக இருக்கக் கூடாது.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் காட்டும் என்றும் நினைக்காதீர்கள். பதிவாகாத எதுவும் அதில் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் வராது, அது வேறு புத்தகத்தில் இருக்கிறது. வாய்வழிப் பாகப்பிரிவினை, சொத்து வரி பாக்கி, பதியாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய கடன், எதுவும் தெரியாது. கடைசியில் சொன்னதற்காக மத்தியப் பதிவேடு ஒன்று உண்டு. செர்சாய் என்பார்கள், 2011இல் தொடங்கியது. வங்கிகள் தம்மிடம் அடமானமான சொத்துக்களை அதில் ஏற்ற வேண்டும். சின்னக் கட்டணம் கட்டி யாரும் தேடலாம். விற்பவர் அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் காவல் துறையில் கொடுத்த புகாரும் பத்திரிகை அறிவிப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள், செர்சாயிலும் தேடுங்கள். அசல் எங்கேயோ அடமானத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். விற்பவரிடம் கிரயப் பத்திரமே இல்லை, பவர் (பொது அதிகாரப் பத்திரம்) மட்டும்தான் இருக்கிறது, அவர் பெயருக்கு அந்தச் சொத்து பவர் வழியாகவே "வந்தது" என்றால் அதை விட்டுவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பட்டா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடியில் மொத்த நிலத்துக்கு அது கூட்டாகத்தான் இருக்கும். நிலத்தின் சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போனால் போதும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வாங்கிய வீட்டை விற்றவர் தன் கடனைப் பல ஆண்டுக்கு முன்பே கட்டி முடித்திருந்தார். பாக்கி இல்லை என்ற வங்கிக் கடிதமும் அசல் பத்திரமும் கையில் வைத்திருந்தார். ஆனால் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நின்றது. கடன் வாங்கும்போது எம்.ஓ.டி. பதிவாகும். கடன் முடிந்ததும் வங்கி வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் அது நீங்கும். அவர் அதைச் செய்யவில்லை. கடன் கொடுத்த கிளை அதற்குள் வேறொன்றோடு இணைந்துவிட்டது, பழைய கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரிடம் இருந்து இன்னொருவர் என்று நான்கு மாதம் அலைந்தோம். அந்த நான்கு மாதமும் என் அட்வான்ஸ் விற்றவரிடம், என் கடன் அனுமதிக் கடிதம் காலாவதி ஆகிக்கொண்டிருந்தது. அதனால் சொல்கிறேன்: கடன் வாங்கும் அன்று நீங்கள் ஒப்படைக்கும் ஒவ்வொரு அசல் ஆவணத்தையும் குறித்து வங்கியின் முத்திரையோடு பட்டியல் வாங்கி வையுங்கள். கடன் முடிந்த அதே மாதத்தில் ரசீதைப் பதிந்துவிடுங்கள். கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது.

நீங்கள் வாங்கும் வீட்டின் மீதும் விற்பவருக்கு இன்னும் கடன் இருந்தால் பயப்பட வேண்டாம், நடைமுறை ஒன்றுதான். அவர் வங்கியிடம் இருந்து பாக்கித் தொகைக் கடிதமும் ஆவணப் பட்டியலும் வாங்குங்கள். உங்கள் பணம் விற்பவர் கைக்குப் போகாமல் நேராக அந்தக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். இதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: பத்திரத்தில் குறை இருப்பதால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்பும் என்று. இந்த வரி இல்லாமல் அட்வான்ஸைப் பறிகொடுத்தவர்கள் நிறைய.

பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கை மாறக் கூடாது. முன்பணமும் இதில் அடங்கும். மீறினால் வாங்கிக்கொண்டவருக்கு அதே அளவு அபராதம். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் இருப்பதால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாயை, நீங்கள் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டியும் அபராதமும் உங்களுக்குத்தான் வரும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடிக்க வேண்டியது பல மடங்கு அதிகம். பதிவுக்கு முன் ஆடிட்டரைக் கட்டாயம் பாருங்கள்.

மனைவி பெயர் விஷயம். உங்கள் பணத்தில் அவர் பெயரில் மட்டும் வாங்கினால் வாடகை உங்கள் வருமானமாகத்தான் கணக்கிடப்படும். வரி குறையாது. அவருக்கும் சம்பளம் இருந்து, இருவரும் பணம் போட்டு, பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்து, கடனிலும் இருவரும் சேர்ந்தால் அவரவர் பங்குக்கு வாடகையும் வட்டியும் பிரியும். அது நல்ல ஏற்பாடு. போட்ட பங்கைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆனால் வரியில் நீங்கள் எதிர்பார்க்கும் லாபம் இப்போது கிடைக்குமா என்பதைப் பாருங்கள். 1,76,000 வாடகையில் கட்டிய சொத்து வரி 6,000 கழித்தால் 1,70,000. அதில் 30 சதவீதம் நிலைக் கழிவு போக 1,19,000. முதல் ஆண்டு வட்டி சுமார் 3,79,000. ஆகவே 2,60,000 ரூபாய் நட்டம். பழைய வரி முறையில் இருந்தால் இதில் 2 லட்சத்தைச் சம்பளத்தோடு கழித்துக்கொள்ளலாம், மீதி 60,000 அடுத்து வரும் எட்டு ஆண்டுக்குள் வீட்டு வருமானத்தில் கழியும். புதிய முறையில் வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான். நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் நீங்களாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். பத்து ஆண்டுக்கு முன் வீடு வாங்கிய நண்பர் சொல்லும் வரி மிச்சத்தை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக வாடகைதாரர். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். முத்திரைத் தாளில் 11 மாதம் என்று எழுதி அலமாரியில் வைத்துக்கொள்வது போதாது. தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது பதியாத ஒப்பந்தம் உங்களுக்குக் கை கொடுக்காது.

ஒப்பந்தத்தில் வாடகை, எந்தத் தேதிக்குள், ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம், பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது, காலி செய்ய இரு பக்கமும் எத்தனை மாத அறிவிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது சட்டம் சொல்லும் அளவு, வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வையுங்கள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டு, அவர் காலி செய்யும் நாளில் புது ஆளைத் தேடி ஓடும் வீட்டுக்காரராக நீங்கள் இருக்க வேண்டாம். அந்தப் பணம் அவருடையது, தனிக் கணக்கில் வையுங்கள். சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து சுவர், தரை, ஸ்விட்ச், குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், மின் மீட்டர் எண்ணையும் படம் எடுத்து இருவர் கைப்பேசியிலும் வையுங்கள். காலி செய்யும் நாளில் வரும் வாக்குவாதம் முக்கால்வாசி இதில் தீர்ந்துவிடும். வாடகை வராவிட்டாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தாதீர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது, செய்தால் உங்கள் நியாயமான வழக்கும் பலவீனமாகும்.

இப்போது குடியிருப்பவர் ஒழுங்காக வாடகை கொடுக்கிறார் என்றால் தொடரட்டும், நல்ல வாடகைதாரர் கிடைப்பது எளிதல்ல. ஆனால் பதிவு நாளுக்கு முன் அவரை நேரில் பாருங்கள். எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள், வாடகை உண்மையில் எவ்வளவு, எப்போது வந்தீர்கள் என்று கேளுங்கள். விற்பவர் சொன்ன 16,000ம் அவர் சொல்வதும் ஒன்றுதானா என்று அப்போதே தெரிந்துவிடும். அவர் கொடுத்த அட்வான்ஸ் விற்பவர் கையில் இருக்கிறது. அதை விலையில் கழித்துக்கொண்டு, இனி திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையது என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். பதிவு முடிந்த அன்றே உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போடுங்கள். அவர் ஒப்பந்தத்துக்குத் தயங்கினால், வீட்டைக் காலியாக ஒப்படைக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.